அண்ணியின் குற்றப் பட்டியல்

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சாப்பாட்டு மேசையில் பட்டாணித் தோலும் காலிக் காப்பிக் கோப்பைகளும் லேப்டாப்பும் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வாண்டு ஒரு வரியை அடித்து எண்டர் தட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ‘வணக்கம், வாண்டு’ என்று வந்தது. அவ்வளவுதான். படம் இல்லை, பொத்தான் இல்லை, ஓரத்தில் ஒரு நிழல்கூட இல்லை. ஆனாலும் அவளுக்கு எழுந்து ஒரு சுற்று ஆடலாம் போலிருந்தது. ஏழு வருஷமாக இணையப் பக்கங்களுக்குப் பொத்தானும் படிவமும் செய்து சம்பளம் வாங்குகிறவள் அவள். டைப்ஸ்கிரிப்ட் என்கிற நிரல்மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பக்கமே இல்லாமல், மவுஸே இல்லாமல், வெறும் கட்டளைக்கு ஓடுகிற கருவி ஒன்றை அதுவரை அவள் செய்ததில்லை.

“என்னடி, தனியா சிரிக்கிற?” என்றாள் எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அண்ணி.

“வணக்கம் சொல்லுச்சு அண்ணி.”

“யாரு?”

“உங்க கருவிதான். ரெண்டு மணி நேரமா கெஞ்சி, இப்பத்தான் வாயத் திறந்திருக்கு.”

“அப்படியா? ரொம்ப நல்லாயிருக்கு” என்றாள் அண்ணி.

பழைய அண்ணியாக இருந்தால், ஒரு வணக்கத்துக்கா ரெண்டு மணி நேரம் என்று கேட்டிருப்பாள். வாண்டுவுக்கு அது அப்போது உறைக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும், என்ன செய்வது.

இருபத்தேழு வயசுப் பெண்ணை அண்ணி இன்னும் வாண்டு என்று கூப்பிடுகிறாளே என்று நினைக்க வேண்டாம். அண்ணி இந்த வீட்டுக்கு வந்தபோது வாண்டுவுக்குப் பன்னிரண்டு வயது. வந்த முதல் வாரமே, நாத்தனாரின் தலைவாரலில் கோணல், கையெழுத்தில் கோணல், சாக்ஸில் ஓட்டை என்று வரிசையாகக் கண்டுபிடித்துச் சொன்னவள் அண்ணி. குறை கண்டுபிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதுவே அவளுக்குப் பிழைப்பாகவும் அமைந்தது. ஓர் ஒலிக் காப்பகத்தில் வேலை. மழைச் சத்தம், ரயில் சத்தம், யாரோ ஒரு தச்சரின் பேட்டி, எங்கோ ஒரு சந்தையின் இரைச்சல் என்று நாள்தோறும் பதிவுகள் வந்து குவியும். ஒவ்வொன்றையும் கேட்டு, இது என்ன, இன்னார் குரல், இன்ன இடம், தரம் எப்படி என்று எழுதி, அதனதன் அடுக்கில் வைக்க வேண்டும். காற்றடிக்கும் சத்தத்தை வைத்தே மைக் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று சொல்லிவிடுவாள். அந்தக் காப்பகத்தில் அவள் காதுக்கு ஈடு கிடையாது என்று அவளுடைய தலைவியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அண்ணிக்குப் பார்வை போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஓரத்திலிருந்து இருட்டத் தொடங்கி நடுவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் கோல் பிடித்து நடக்கக் கற்றுக்கொண்டாள். விசைப்பலகையைத் தடவி அடிக்கக் கற்றுக்கொண்டாள். திரையில் வருகிற எழுத்தையெல்லாம் உரக்கப் படிக்கிற மென்பொருளோடு பழகிக்கொண்டாள். அந்தக் குரலுக்கு வீட்டில் வைத்த பெயர் வாயாடி. நிறுத்தென்று விசையைத் தட்டினால் ஒழிய நிறுத்த மாட்டாள்.

எல்லாம் சரி. காப்பகத்தின் மென்பொருள்தான் வழிக்கு வரவில்லை. அதில் எல்லாமே படம்தான். படத்தை அழுத்து, இழு, இன்னொரு படத்தில் போடு. வாயாடி அதைத் தொட்டால் “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்று பதினேழு தடவை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுவாள். எந்தப் பொத்தானுக்கும் பெயர் இல்லை. தலைவி நல்லவள்தான், ஆனால் அவளுக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்களே. வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை, நாற்பது பதிவு, யாருடைய உதவியும் இல்லாமல் செய்து காட்டினால் அதே நாற்காலி. முடியாவிட்டால் கீழே வரவேற்பில் தொலைபேசி எடுக்கிற வேலை. சம்பளம் குறையாது என்று ஆறுதல் வேறு சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அண்ணி, “ஃபோனும் காதுல வைக்கிறதுதானே, ஒண்ணுதான்” என்று சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போனவள் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை.

மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபோதுதான் வாண்டுவுக்கு யோசனை வந்தது. எழுத்தைக் கொடுத்து எழுத்தை வாங்குகிற கருவி என்றால் வாயாடி படிப்பாளே! காப்பகத்து ஆட்களிடம் அனுமதி வாங்கினாள். அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்புச் சொன்னாள். கட்டளைக் கருவி செய்வதற்கென்றே யாரோ புண்ணியவான்கள் போட்டு வைத்திருந்த ஒரு சட்டகத்தை, அதாவது பாதி கட்டி வைத்த நிரலை, இறக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சட்டகம் அவளுக்குப் பிடித்துப் போனது. ஒரு கட்டளைக்கு ஒரு கோப்பு. அதன் தலையில், இது என்ன செய்யும் என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். என்னென்ன கேட்கும், எதெல்லாம் கட்டாயம், எதெல்லாம் விருப்பம் என்று சொல்லிவிட வேண்டும். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்தை வைத்தால் டைப்ஸ்கிரிப்ட் அங்கேயே சிவப்புக் கோடு போட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டால், ‘உதவி’ என்று கேட்டவர்களுக்கு விளக்கத்தைச் சட்டகம் தானே எழுதிக் கொடுத்துவிடும்.

கருவிக்குப் பெட்டி என்று பெயர் வைத்தது அண்ணி. ‘பெட்டி அடுத்து’ என்றால் அடுத்த பதிவு ஓடும். ‘பெட்டி மறுபடி’ என்றால் திரும்ப ஓடும். ‘பெட்டி எழுது’ என்றால் விவரம் சேரும். ‘பெட்டி வை’ என்று அடுக்கின் எண்ணைக் கொடுத்தால் போய் உட்காரும். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் நாலும் ஓடின. சும்மா சொல்லக்கூடாது, பெண் கெட்டிக்காரிதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஏழு வருஷத்துத் தொழில் கையை விட்டுப் போகுமா? திங்கட்கிழமை காலை திரையைப் பார்த்தவளுக்கு மனசு கேட்கவில்லை. வெறும் வெள்ளை எழுத்து. அண்ணிக்குச் செய்கிற சாமான் இப்படியா மொட்டையாக இருப்பது? தொடங்கும்போது # குறிகளாலேயே கட்டிய பெரிய எழுத்தில் ‘பெட்டி’ என்று ஒரு முகப்பு வைத்தாள். பதிவு இறங்குகிற நேரத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிற மாதிரி வைத்தாள். விவரங்களைக் கோடு போட்ட அழகான கட்டத்துக்குள் போட்டாள். சரியாக முடிந்தால் அந்த வரி பச்சையில் வரும், தப்பென்றால் அதே வரி சிவப்பில் வரும். ஆங்காங்கே சிரிக்கிற மூஞ்சி, பட்டாசு, கட்டைவிரல். வேலை செய்யும்போது வாயாடியின் குரல் இடைஞ்சல் என்று அதை அணைத்து வைத்துவிட்டுத்தான் இவ்வளவும் செய்தாள். கண்ணால் பார்த்தாள், திருப்தியாக இருந்தது. யாருக்காகச் செய்கிறோம் என்பதை அவள் மறக்கவே இல்லை. அந்த ஆளை நினைத்து நினைத்துத்தான் செய்தாள். அதுதான் இதில் வேடிக்கை.

செவ்வாய்க்கிழமை மாலை அண்ணி காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்தாள். வாண்டு பக்கத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அண்ணியின் விரல்கள் விசையில் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. ஓரிடத்தில் புருவம் சுருங்கியது. அப்புறம் முகம் வழக்கமான பொறுமைக்கு வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஆறு பதிவு செய்தாள்.

“எப்படி அண்ணி?”

“ரொம்ப நல்லாயிருக்குடா வாண்டு. நீ எவ்வளவு சிரமப்பட்டிருக்க, எனக்குத் தெரியாதா?”

“வேகம் போதுமா? ஒரு மணிக்கு ஆறுன்னா, நாலு மணி நேரத்துக்கு…”

“பழகப் பழக வந்துடும். நீ போய்க் குளி.”

வாண்டு குளிக்கப் போனாள். விசிலடித்துக்கொண்டே குளித்தாள்.

புதன்கிழமை காலை அண்ணன் தோசைக்கரண்டியும் கையுமாக நின்றிருந்தார். பஸ் ஓட்டுகிறவர். அன்றைக்கு மதிய ஷிப்ட். எட்டு மாதமாக அடுப்படிப் பொறுப்பை அவர் பிடுங்கி வைத்திருந்தார். அண்ணி இன்னும் எழுந்து வரவில்லை.

“அண்ணிக்குப் பெட்டி ரொம்பப் பிடிச்சுப் போச்சுண்ணா” என்றாள் வாண்டு.

“அவளே சொன்னாளா?”

“நல்லாயிருக்குன்னாங்க.”

அண்ணன் தட்டில் எதையோ வைத்து அவள் பக்கம் தள்ளினார். முட்டையாக இருந்திருக்கலாம். ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை.

“இதத் தின்னு பாரு.”

வாண்டு ஒரு வாய் வைத்தாள். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அண்ணனைப் பார்த்தாள்.

“நேத்தும் இதேதான். அவ என்ன சொன்னா தெரியுமா? நல்லாயிருக்குங்க.” அண்ணன் கரண்டியை மேசையில் வைத்தார். “எட்டு மாசமா நான் என்ன போட்டாலும் நல்லாயிருக்குங்கதான். அவளுக்குச் சட்டைய உள்பக்கம் வெளியில போட்டுவிட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கேன், அதுக்கும் ஒண்ணும் சொல்லல. முன்னாடியெல்லாம் உப்பு ஒரு கல்லு கூடுனா எப்படிக் கத்துவா! அவ கத்தி நான் கேட்டு எட்டு மாசம் ஆச்சு.” அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுப்பை அணைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

வாண்டு எழுந்து நேரே லேப்டாப்பிடம் போனாள். வாயாடியை எழுப்பினாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, திரையை ஒரு துண்டால் மூடிவிட்டு, ‘பெட்டி அடுத்து’ என்று அடித்தாள்.

“எண் குறி எண் குறி எண் குறி எண் குறி” என்று ஆரம்பித்தாள் வாயாடி. அந்தப் பெரிய முகப்பு! ஒவ்வொரு குறியையும் விடாமல் படித்தாள். முடியவே முடியவில்லை. முடிந்ததும் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. “புள்ளி. இரண்டு புள்ளி. புள்ளி. இரண்டு புள்ளி. காத்திருக்கவும். புள்ளி.” அதற்கு அடியில் எங்கோ பதிவு ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ஒருவர் படகு கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், ஒரு சொல் பிடிபடவில்லை. கட்டத்துக்கு வந்தால் “நேர்கோடு குறுக்குக்கோடு நேர்கோடு” என்றாள். கடைசியில் வேண்டுமென்றே இல்லாத அடுக்கின் எண்ணைக் கொடுத்து வை என்றாள் வாண்டு. வாயாடி சாவதானமாக, “அடுக்கு தொண்ணூற்றொன்பது. சிரிக்கும் கண்களுடன் சிரிக்கும் முகம்” என்றாள்.

துண்டை எடுத்துப் பார்த்தாள் வாண்டு. அந்த வரி சிவப்பில் இருந்தது. தப்பு என்ற ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை. தப்பைச் சிவப்பு சொல்லிக்கொள்ளும் என்று விட்டுவிட்டாள். சிரிக்கிற மூஞ்சியை எடுக்கவும் மறந்திருந்தாள். அடுக்குகளைத் திறந்து பார்த்தால், நேற்று அண்ணி வைத்த ஆறு பதிவில் மூன்று எங்கேயும் போய்ச் சேரவில்லை.

அவள் முகம் பற்றி எரிந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றியபோது அண்ணி வாசலில் நின்றிருந்தாள், ஒரு கை கதவுச் சட்டத்தில்.

“ஏன் அண்ணி சொல்லல?”

அண்ணியின் விரல் கதவுச் சட்டத்தைத் தடவியது.

“நாளைக்குக் காலைல அண்ணி! நாப்பது பதிவு! இத வச்சுக்கிட்டுப் போயிருந்தா? மூணு போய்ச் சேரவே இல்ல தெரியுமா?”

“சேரலைன்னு தெரியாது” என்றாள் அண்ணி மெதுவாக. “மத்ததெல்லாம் தெரியும். குறி படிக்க ஆரம்பிச்சா பத்து எண்ணிட்டு வாயாடிய நிறுத்திடுவேன். சமாளிச்சுக்கலாம்னு இருந்தேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

“எப்படிடி சொல்றது?” அண்ணியின் குரல் சட்டென்று உயர்ந்தது. “நீ லீவு போட்டு உக்காந்திருக்க. அவரு விடிஞ்சதும் எழுந்து அடுப்போட மல்லுக்கு நிக்கிறாரு. பக்கத்து வீட்டுல கைய பிடிச்சு ரோட்டத் தாண்டி விடுறாங்க, நான் தாண்டணும்னே இல்லாத ரோடு. எல்லாரும் எனக்காகவே ஓடிட்டு இருக்கும்போது, இது சரியில்ல அது சரியில்லன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? வாங்கிக்கிற கை குறை சொல்லலாமா?”

வாண்டுவுக்குக் கண் நிறைந்தது. அவளுக்குக் கோபமும் இருந்தது, அதைவிடப் பாசம் இருந்தது, எதை முதலில் எடுப்பதென்று தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் கிழிந்த சாக்ஸைக் காட்டித் தன்னைத் துரத்தின இந்தப் பெண் இப்படி ஒரு விருந்தாளியைப் போல வீட்டுக்குள்ளேயே மரியாதையாக உட்கார்ந்திருப்பதை எப்படி எட்டு மாதமாகப் பார்க்காமல் இருந்தோம் என்று தன்மீதே ஆத்திரமாக வந்தது.

“அண்ணி, நீங்க என்னைத் திட்டி எவ்வளவு நாளாச்சு?”

“என்ன கேள்வி இது?”

“திட்டுங்க. இப்ப. இந்தப் பெட்டியில என்னென்ன கேவலமா இருக்கு, ஒண்ணு விடாம சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்.”

அண்ணி தயங்கினாள். நாற்காலியைத் தடவி இழுத்து உட்கார்ந்தாள். விரல் நகத்தைச் சுரண்டினாள். “முதல்ல அந்த முகப்பு” என்று இழுத்தாள். “அது… யாருக்கு வச்ச?”

“ஒண்ணு” என்று எழுதினாள் வாண்டு.

“அந்தப் புள்ளி புள்ளி. வாயாடிக்கு விக்கல் எடுத்த மாதிரி. பாவம் அந்தப் படகுக்காரரு, தன் வாழ்க்கைக் கதையச் சொல்றாரு, நடுவுல புள்ளி ரெண்டு புள்ளின்னு…”

அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் மடை திறந்தது. பதிவு ஓடும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது. தப்பென்றால் முதல் சொல்லே தப்பு என்று இருக்க வேண்டும், வரியின் வாலில் வந்து என்ன பிரயோஜனம். அடுக்கின் பெயரையும் சொல்ல வேண்டும், வெறும் எண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ண. இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்டால் சொல்ல ஒரு கட்டளை இல்லை. ‘மறுபடி’ என்றால் ஒவ்வொரு தடவையும் தலையிலிருந்தா ஓடுவது, பத்து விநாடி பின்னால் போகத் தெரியாதா அதற்கு? அந்தக் கட்டைவிரலை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. படிச்ச பொண்ணுதானே நீ, ஒரு தடவையாவது கண்ணை மூடிட்டுக் கேட்டுப் பாத்தியா? கடைசியில் சொன்னதைக் குற்றக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்து, அதையும் சேர்த்தே எழுதினாள் வாண்டு. மொத்தம் பதினொன்று வந்தது.

அடுப்படி வாசலில் அண்ணன் வந்து நின்றுகொண்டிருந்தார், வாயெல்லாம் பல்லாக.

“நீங்க என்ன அங்க நின்னு வேடிக்கை பாக்குறீங்க?” அண்ணி அந்தப் பக்கம் திரும்பாமலே கேட்டாள். “நேத்து அந்த முட்டைய மனுஷன் தின்பானா?”

“மாட்டான்” என்றார் அண்ணன் பணிவாக. இத்தனை சந்தோஷமாகத் திட்டு வாங்கிய ஒரு மனுஷனை வாண்டு அதுவரை பார்த்ததில்லை.

அன்று பகல் முழுக்கச் செலவாயிற்று. முகப்பு போயிற்று, சக்கரம் போயிற்று, வண்ணம், கட்டம், மூஞ்சி எல்லாம் போயின. முந்நூறு வரிக்கு மேல் அழித்தாள். ‘பெட்டி பாக்கி’ என்று ஒரு கட்டளை புதிதாக வந்தது. ஒவ்வொன்றையும் திரையை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில் ஆளுக்கொரு காதாகக் கேட்டுப் பார்த்தார்கள். மாலை ஐந்து மணிக்குள் அண்ணி ஒரு மணி நேரத்தில் பதினோரு பதிவு முடித்தாள். படகுக்காரரின் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, மனுஷன் நடுவில் ஒரு பொய் சொல்கிறார் என்று வேறு சொன்னாள்.

அண்ணி எழுந்துபோன பிறகு வாண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு ஏதாவது ஒன்று தப்பான அடுக்குக்குப் போய்விட்டால்? ஒரு எண் பிசகி அடித்துவிட்டால்? தலைவிக்கு மேலிருப்பவர்கள் அந்த ஒன்றைத்தானே பிடித்துக்கொள்வார்கள். ‘வை’ கட்டளையில் ஆறு வரி சேர்த்தாள். இனி ஒவ்வொரு பதிவையும் வைப்பதற்கு முன்னால், நிச்சயமாக இங்கேதான் வைக்கலாமா, ஆமாவா இல்லையா என்று அது கேட்கும். சட்டகத்தின் பழக்கப்படி, வேண்டாதவர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்க்க கட்டளையோடு சேர்த்தடிக்கிற ஒரு சொல்லும், அதற்கு ஒரு வரி விளக்கமும் எழுதினாள். அண்ணியிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

வியாழக்கிழமை காலை காப்பகத்தின் மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் வாண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே கேட்கும் அறை. கதவில் தலை உயரத்துக்கு ஒரு கண்ணாடிச் சதுரம். உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது, சுவர் அப்படி. கூட வந்தவர்கள் வெளியேதான் இருக்க வேண்டும், ஒரு சொல் உதவக்கூடாது என்று தலைவி சொல்லிவிட்டாள். தலைவி குள்ளமான, நரைத்த, வேகமாக நடக்கிற பெண்மணி. நாற்பது பதிவையும் முந்தின நாள் தானே உட்கார்ந்து கேட்டு, விடைகளைக் காகிதத்தில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாள். “எனக்கு இவங்க வேணும்மா” என்று வாண்டுவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். “ஆனா நான் சலுகை காட்டினேன்னு ஒருத்தர் சொல்லக்கூடாது.”

ஒன்பது மணிக்குக் கதவு மூடியது. ஒன்பதரை மணிக்கு வாண்டு எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அண்ணியின் முதுகும், பின்னல் சடையும், அணைந்து கிடந்த திரையும் தெரிந்தன. பத்து மணிக்கு மறுபடி பார்த்தாள். பத்தேகால் மணிக்குக் கதவு திறந்தது. கோலைத் தட்டிக்கொண்டு அண்ணி வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

வாண்டுவுக்கு உயிரே போய்விட்டது. “என்னாச்சு அண்ணி? ஓடலையா?”

“எங்கடி இருக்க?”

“இங்கதான், பெஞ்சுக்கிட்ட.”

அண்ணி குரலை வைத்து நேராக வந்து நின்றாள். “நேத்து சாயங்காலம் யாரக் கேட்டு அதைச் சேர்த்த?”

“எத…”

“நிச்சயமா இங்கேதான் வைக்கலாமா! ஒவ்வொண்ணுக்கும்! நாப்பது தடவை நான் ஆமா ஆமான்னு சொல்லணுமா? கல்யாணத்துக்கே நான் ஒரு தடவதான்டி சொன்னேன்.”

“தப்பா எதையாவது வச்சிட்டீங்கன்னா…”

“வச்சா? வச்சா என்ன? பதினாறு வருஷமா இந்த வேலையில தப்பா வச்சதே இல்லையா நான்? கண்ணு இருந்தப்ப எத்தனை வச்சிருக்கேன், எத்தனை எடுத்துத் திருத்தியிருக்கேன். அப்பல்லாம் யாரு வந்து நிச்சயமான்னு கேட்டா? இப்ப மட்டும் ஏன் கேக்குற?”

அண்ணி சொல்வது அத்தனையும் நியாயம் என்று வாண்டுவுக்கு நன்றாக உறைத்தது. அன்பு என்று நினைத்துக்கொண்டு, அண்ணியின் ஒவ்வொரு முடிவின் வாசலிலும் ஒரு காவல்காரனை நிறுத்தி வைத்திருக்கிறாள்.

“அதை நிறுத்தறதுக்கு ஒரு…” என்று ஆரம்பித்தாள்.

“வாய மூடு. உதவக்கூடாது.” அண்ணி குனிந்து கிசுகிசுத்தாள். “உதவின்னு அடிச்சேன். ‘கேட்காதேன்னு சேர்த்தால் கேட்காது’ன்னு வாயாடி வரி மாறாம படிச்சிட்டா. எட்டாவது பதிவுலேருந்து கேக்கறதில்ல. அதெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு.”

“அப்புறம் ஏன் அண்ணி வெளிய வந்தீங்க?”

“திட்டணும்ல” என்றாள் அண்ணி. “ஒரு மணி வரைக்கும் மனசுல வச்சிட்டு வேல பாக்க முடியல.”

சொல்லிவிட்டுத் திரும்பினாள். கோலால் கதவின் விளிம்பைக் கண்டுபிடித்தாள். உள்ளே போவதற்கு முன் நின்று, “கேட்காதேன்னு ஒண்ணு வைக்கணும்னு தோணுச்சு பாரு, அது நல்லாயிருக்கு” என்றாள். இந்தத் தடவை வாண்டு அதை நம்பினாள். கதவு மூடியதும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்ததும் பசித்தது. இயந்திரத்தில் பிஸ்கட் வாங்கித் தின்றாள்.

ஒரு மணிக்குத் தலைவி கையில் காகிதங்களோடு தாழ்வாரத்தில் வந்தாள். வாண்டுவைப் பார்த்து ஒரு தலையசைப்பு. உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. வாண்டு கண்ணாடிச் சதுரத்தில் நெற்றியை ஒட்டி வைத்தாள்.

தலைவி முதலில் திரையைத்தான் தேடினாள். அது இருட்டாக இருந்தது. அண்ணி ஏதோ சொன்னாள். தலைவி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காகிதத்தைப் பார்த்து அவள் உதடு அசையும். அண்ணியின் விரல் விசையில் ஓடும். வாயாடி சொல்வதை இருவரும் ஒலிபெருக்கியில் கேட்பார்கள். தலைவி பேனாவால் ஒரு சரி போடுவாள். இப்படியே ஒரு பக்கம் போனது. இரண்டாவது பக்கம் போனது. மூன்றாவது பக்கத்தின் நடுவில் பேனா நின்றுவிட்டது.

தலைவி ஏதோ படித்தாள். அண்ணி தலையை ஆட்டினாள், இல்லை என்று. தலைவி அதே வரியை விரல் வைத்து மறுபடி படித்தாள். அண்ணி மறுபடி இல்லை என்றாள். வாண்டுவின் நெற்றிக்குக் கீழே கண்ணாடி ஆவி பிடித்து மங்கியது, முழங்கையால் துடைத்தாள். ஒத்துக்கொண்டுவிடுங்கள் அண்ணி, அவர்கள் தலைவி, ஒத்துக்கொண்டுவிடுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். அடுத்த கணமே, ஒத்துக்கொள்ளாதீர்கள் அண்ணி என்றும் கெஞ்சினாள். இரண்டையும் யாரும் கேட்கவில்லை.

அண்ணி விசையைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். பதிவு ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். மழையா, ரயிலா, யாருடைய குரலா, இந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. தலைவி முன்னால் சாய்ந்தாள். நெற்றி சுருங்கியது. அண்ணி பத்து விநாடி பின்னால் போய் மறுபடி ஓட்டினாள். தலைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு கண்ணைத் திறந்து, மடியிலிருந்த தன் காகிதத்தை மேசைமேல் வைத்து, தான் எழுதியிருந்த ஒரு வரியை நிதானமாகக் கோடு போட்டு அடித்துவிட்டு, பேனாவை அதன் மேலேயே பிடித்தபடி, அண்ணி பக்கம் திரும்பி, சொல்லுங்கள் என்பதுபோலக் காத்திருந்தாள்.